திட்டமிட்ட படமும் தற்செயற் படமும்

தற்செயலாக எடுக்கப்பட்ட புகைப்படமே உண்மை, திட்டமிட்டு அமைத்தது பொய் எனும் கருத்து பரவலாக நிலவுகின்றது. இதனை ஓர் உதாரணங்கொண்டு நோக்கலாம். 1936இல் அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிருவாகத்திற் பணியாற்றிய ஆதர் றொத்ஸ்ரைன், வரட்சியுற்ற தென் டக்கோட்டாவில் ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி தூரம் நகர்த்திப் படங்கள் எடுத்தார். அது தேர்தலாண்டு, றூஸ்வெல்ற்றின் எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் இதனை மோசடியெனச் சாடின. மண்டையோடு நகர்த்தப்பட்டது மெய். வரட்சியோ எவரும் அமைத்த காட்சியன்று.

ஆயின் விமர்சகர் எழுப்பவேண்டிய வினா வேறு. வெடித்த நிலமும் மண்டையோடும் உள்ள அப்படத்தில் குடியானவன் இல்லை. அவனது கடனும் நிலவுடைமை உறவுகளும் இல்லை. துயரின் சமூகக் காரணிகள் மறைய, அது இயற்கையின் விதியாகத் தோன்றுகின்றது. மண்டையோட்டைக் கிடந்த இடத்திலேயே படமெடுத்திருப்பினும் இக்குறை நீங்கியிராது.