பழமை பேணும் மனமும் ‘பள்ளிகொண்டபுர’மும்

மாலை நேரத்தில் பத்மதீர்த்தக் கரைப் பக்கம் நடக்கப் போகிற ஓய்வு பெற்ற நண்பர்கள் நாங்கள் ஆறேழு பேர் உண்டு. அரசியல், கோயில் காரியம், பேரப்பிள்ளைகள் படிப்பு, அரிசி விலை என்று பேச்சு எங்கெங்கோ போகும். எங்கே போனாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். “என்ன இருந்தாலும் அந்தக் காலம் போல வருமா அண்ணாச்சி?” என்று யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார். மற்றவர்கள் தலையாட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன்.

அந்தத் தலையாட்டலைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு நாவல். நமது நகரின் நீல. பத்மநாபன் எழுதி 1970-இல் வெளிவந்த ‘பள்ளிகொண்டபுரம்’. இளமையில் ஒரு முறை படித்தேன். அண்மையில் மீண்டும் படித்தபோது அது வேறு நாவலாகத் தெரிந்தது. நாவல் மாறவில்லை, எனக்குத்தான் வயசாகிவிட்டது.

அனந்தன் நாயரின் நடை

கதை எளியது. அனந்தன் நாயர் தமது ஐம்பதாவது பிறந்த நாளில் பத்மநாப சுவாமியைத் தொழுதுவிட்டு நகருக்குள் நடக்கிறார். ஒவ்வொரு தெருவும் ஒரு நினைவைக் கிளறுகிறது. அவருடைய மனைவி கார்த்தியாயினி, செல்வாக்குள்ள விக்ரமன் தம்பியோடு போய்விட்டவள். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த மனிதரின் காயம் ஆறவே இல்லை. கோயிலும் கொட்டாரமும் கடைத்தெருவும் அந்தக் காயத்தோடு பின்னிக் கிடக்கின்றன.

இந்தப் பின்னல் தற்செயலானதல்ல. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டையே பத்மநாபன் காலடியில் திருப்படித்தானம் செய்தார். அதற்குப் பின் வந்த அரசர்கள் பத்மநாபதாசர்களாகவே ஆண்டார்கள். ஆகவே இவ்வூர்ப் பழைய மனிதருக்கு அரசியல் வேறு, பக்தி வேறு, வீட்டு ஒழுக்கம் வேறு அல்ல. ஒன்று ஆடினால் மூன்றும் ஆடும். மனைவி போனதை அனந்தன் நாயர் ஒரு யுகமே சரிந்ததாக உணர்வதன் காரணம் இதுதான்.

நம்மில் பலர் இவரை ஆசிரியரின் குரல் என்று எண்ணிப் படிக்கிறார்கள். “பாருங்க, நீல. பத்மநாபனே சொல்லிட்டாரு, காலம் கெட்டுப் போச்சுன்னு” என்று எங்கள் நண்பர் ஒருவர் வாதிட்டார். இது பிழையான வாசிப்பு என்பதே என் கருத்து. ஆசிரியர் அந்த மனத்தை ஆதரிக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. அதன் உள்ளே நம்மை உட்கார வைக்கிறார். அனந்தன் நாயரின் ஒழுக்கம் எங்கே முடிகிறது, இயலாமை எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. நமக்கு மட்டும் மெல்லத் தெரிகிறது. நாவலின் பெரிய வெற்றி இதுதான்.

எது பழமை?

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனந்தன் நாயர் தம் துயரத்தைத் தொன்மையான அறம் குலைந்ததாக நினைக்கிறார். ஆனால் மருமக்கத்தாயம் நிலவிய பழைய நாயர் சமூகத்தில் சம்பந்தம் என்கிற உறவைப் பெண்ணும் முறித்துக் கொள்ள முடிந்தது. பிள்ளைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். கணவன், மனைவி, அவர்தம் பிள்ளைகள் என்கிற தனிக் குடும்பம் திருவிதாங்கூரில் சட்ட வடிவம் பெற்றது 1912, 1925 ஆண்டுகளின் நாயர் சட்டங்களால். நாவல் வெளிவந்த காலத்தை வைத்துக் கணக்கிட்டால், 1925-இல் அனந்தன் நாயர் சிறுவன். அதாவது, அவர் என்றென்றும் இருந்ததாக நம்பும் குடும்ப அறம் ஏறத்தாழ அவர் வயசே ஆனது!

இதைப் படித்து மலையாளிகளைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் மருமக்கள் வழி இருந்தது. திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் பணியாற்றிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அதை எள்ளி ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடினார். 1926-இல் சட்டம் வந்து அம்முறை முடிவுக்கு வந்தது.

இவ்விடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பாவின் தங்கை கணவனை விட்டுத் திரும்பி வந்தவர். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அத்தையை அழைத்ததில்லை. கேட்டால், “நம்ம குடும்பத்திலே அப்படியொரு வழக்கமே கிடையாதுடா” என்பார் அப்பா. அத்தை காலமாகிப் பல வருஷம் கழித்து, பாட்டி வழி உறவினர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். பாட்டியைப் பெற்ற தாயே முதல் கணவனோடு விடுமுறி எழுதிக் கொடுத்துப் பிரிந்து, இரண்டாவதாக மணந்தவளாம். மருமக்கள் வழிக் காலத்தில் மணவிலக்கும் மறுமணமும் யாரும் அறியாத செய்தி அல்ல. வழக்கமே கிடையாது என்று நாங்கள் சொன்னதுதான் புது வழக்கம். அந்தப் புது வழக்கத்தைப் பழமை என்று நம்பி ஒருத்தியைப் பந்தியிலிருந்து விலக்கி வைத்தோம்.

கேட்காத குரல்

இனி நாவலின் குறைக்கு வருவோம். கார்த்தியாயினி கதையின் மையம், ஆனால் அவளை நாம் பெரும்பாலும் அனந்தன் நாயரின் நினைவு வழியே மட்டும் பார்க்கிறோம். அவள் பக்கத்து நியாயத்தை வாசகர் ஊகிக்கத்தான் வேண்டும். ஒரு மனத்தின் உள்ளே மட்டுமே இருப்பது என்ற உத்திக்குக் கொடுத்த விலை இது எனலாம். நினைவுகள் திரும்பத் திரும்ப வருவதால் சில இடங்களில் நாவல் தொய்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இது இவர் ஒருவரின் குறை மட்டுமல்ல. இதே நகரில் வாழ்ந்த நகுலனின் ‘நினைவுப்பாதை’ (1972) நாவலிலும் சுசீலா நவீனனின் மனத்திற்குள்தான் வாழ்கிறாள். சாலைக் கடைத்தெருவைத் தமிழுக்குத் தந்த ஆ. மாதவன் இன்னொரு வழியில் போனார். ‘கிருஷ்ணப் பருந்து’ நாவலில் ஊரார் சாமியாக மதிக்கும் குருஸ்வாமியின் ஆசாரம், ராணி என்கிற பெண்ணின் முன்னால் எப்படி உடைகிறது என்று காட்டினார். அனந்தன் நாயர் தம்மை விசாரிப்பதில்லை. குருஸ்வாமியோ தம்மிடமிருந்து தப்ப முடிவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.

சென்னை வாசகர்களுக்கு இந்நாவல்களில் விரவி வரும் மலையாளச் சொற்கள் சிரமம் தரலாம். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது நம் வீட்டுப் பேச்சு. தமிழ் நாவலொன்றின் நாயகன் மலையாளி என்பதே இந்த ஊர்த் தமிழ் எழுத்துக்குள்ள தனிச் செல்வம்.

எதைக் காப்பது?

அப்படியானால் பழமையை விட்டுவிட வேண்டியதுதானா? நான் அப்படிச் சொல்லவில்லை. அனந்தன் நாயரின் நன்றியுணர்வு, பிள்ளைகளுக்காகத் தேய்ந்த உழைப்பு, நகரின் ஒவ்வொரு கல்லோடும் அவருக்குள்ள உறவு, இவற்றை இழந்தால் நாம் ஏழைகள்தான்.

நவராத்திரி எழுந்தருளலையே எடுத்துக் கொள்வோம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் திருவனந்தபுரம் வருகிறார்கள். 1956-இல் மாநில எல்லை மாறி அவ்வூர்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. வழக்கம் நிற்கவில்லை. இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்ய, ஊர்வலம் எல்லையைக் கடக்கிறது. இது காக்க வேண்டிய பழமை.

அதே நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இல்லாதிருந்தது. 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே பாடினார். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. வானம் இடிந்து விழவில்லை. சுவாதித் திருநாளின் கீர்த்தனங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரு குரல் இத்தனை காலம் கேட்காமல் போயிற்றே என்பதுதான் மிச்சம்.

பிறமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாம். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரை விடவும் இறுக்கமாகப் பழமையைப் பிடித்துக் கொள்வது இயல்பு. பிடித்துக் கொள்வோம், தவறில்லை. ஆனால் கையில் இருப்பது பாட்டன் சொத்தா அல்லது அப்பா காலத்துப் பிடிவாதமா என்று ஒரு முறை விரித்துப் பார்த்துக் கொள்வது நல்லது. ‘பள்ளிகொண்டபுரம்’ அதைத்தான் செய்யச் சொல்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

போன வாரமும் பத்மதீர்த்தக் கரையில் நண்பர், “அந்தக் காலம் போல வருமா?” என்றார். “எந்தக் காலம் வே?” என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். என் அத்தையின் பெயரை அன்றுதான் முதன்முதலாக நண்பர்களிடம் சொன்னேன்.