அழைப்பால் அமையும் உறவு: ‘கே.டி. (எ) கருப்புதுரை’ திரைப்படமும் காரைக்கால் அம்மையார் தொன்மமும்

முன்னுரை

நோயுற்ற முதியவரையும் சிறுவனையும் இணைத்துச் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் பாட்டன் – பெயரன் என்னும் குருதி உறவையே அடித்தளமாகக் கொள்கின்றன. மதுமிதா இயக்கத்தில் 2019இல் வெளிவந்த ‘கே.டி. (எ) கருப்புதுரை’ அவ்வழக்கிலிருந்து விலகுகிறது. நினைவிழந்து கிடக்கும் எண்பது வயதுக் கருப்புதுரை, தன் குடும்பத்தார் தலைக்கூத்தலுக்கு ஆயத்தமாவதை அறிந்து வீட்டைவிட்டு வெளியேறுகிறார். வழியில் கோயிலொன்றில் வளரும், பெற்றோரற்ற எட்டு வயதுக் குட்டியைச் சந்திக்கிறார். மு. இராமசாமியும் நாகவிஷாலும் இவ்விரு பாத்திரங்களை ஏற்றுள்ளனர். நாகவிஷால் இதற்கெனச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதைப் பெற்றார்.

பெயரும் உறவும்

குட்டி முதியவரைத் ‘தாத்தா’ எனும் முறைப்பெயருக்குள் அடக்காமல், ‘கே.டி.’ எனப் புதுப்பெயரிட்டு அழைக்கிறான். அப்பெயர் அவருக்கு வயதையும் பிணியையும் கடந்த ஓர் அடையாளத்தைத் தருகிறது. இறப்புக்குக் காத்திருந்தவர் விருப்பங்களைப் பட்டியலிடுபவராக மாறுகிறார்.

அழைப்பின்வழி உறவு அமைதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் காரைக்கால் புனிதவதியைக் கணவன் பரமதத்தன் பிரிந்து செல்கிறான். பின்னர் அவளைத் தெய்வமெனக் கருதி அடிபணிகிறான். மனைவி என்னும் முறை அங்கே முடிந்துவிடுகிறது. தசை உதறிப் பேய்வடிவம் பெற்ற அவரை, பெற்றோரற்ற இறைவன் ‘அம்மை’ என அழைக்கிறான். குடும்பத்துக்குப் பயன்படாத உடல் என்று ஒதுக்கப்படத்தக்க வடிவமே அங்குத் தாய்மையின் வடிவமாகிறது. காரைக்காலில் ஆண்டுதோறும் நிகழும் மாங்கனித் திருவிழா அம்மையாரின் வாழ்வை இன்றும் நினைவூட்டுகிறது. இரு கதைகளின் நோக்கமும் வேறு. எனினும் பெற்றோரற்ற ஒருவரின் அழைப்பே இரண்டிலும் உறவை ஆக்குகிறது.

படம் கடந்துசெல்லும் வினா

அன்பின் நெகிழ்ச்சியில் படம் ஒரு வினாவைக் கடந்துசெல்கிறது. படுத்த படுக்கையான முதியவருக்கு உணவூட்டி, உடல் துடைத்து, இரவில் விழித்திருப்பவர் யார்? கருப்புதுரை எழுந்து நடக்கத் தொடங்கியதும் பராமரிப்பின் சுமை கதையிலிருந்து மறைகிறது. தலைக்கூத்தலின் கொடுமை பதிவாகும் அளவுக்கு, அதற்கு முன்னரான களைப்பும் பொருளாதார நெருக்கடியும் பதிவாகவில்லை. அதனால் குற்றம் குடும்பத்தாரின் மனக்கடினமாக மட்டுமே எஞ்சுகிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் (2007) மகன், மகள், பெயரன், பெயர்த்தி ஆகியோரைப் பொறுப்பாக்குகிறது. உரிய வயதடையாதோரை விலக்குகிறது. சட்டம் பொறுப்பளித்தவர்கள் கைவிட்ட இடத்தில், குருதியாலும் சட்டத்தாலும் கடப்பாடற்ற சிறுவன் துணைநிற்கிறான். படத்தின் அறவலிமை இதுவே. முதியவரைக் காக்கும் பொறுப்பு ஒரு குழந்தையின் நல்லியல்பை நம்பியிருப்பது அதன் வலுவின்மையாகும்.

முடிவுரை

முதுமைக்கு மதிப்பளிப்பது உறவுமுறை அன்று, உரிமையுடன் அழைக்கும் குரலே என்பதை இப்படம் நிறுவுகிறது. அவ்வழைப்பு நாள்தோறும் செய்யும் பணிவிடையாகத் தொடர்வதற்கான வழியை அது காட்டவில்லை. முதுமை குறித்த தமிழ்த் திரைப்பட ஆய்வுகள் இவ்விடைவெளியில் கவனம் செலுத்துதல் வேண்டும்.