திருப்பெருந்துறைக் கொடுங்கை

கட்டுமாவடிக் கடற்கரைக்கு மேற்கே, அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே விளங்குவது, மணிவாசகப் பெருமான் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறை. ஆவுடையார்கோயில் என வழங்கும் அத்தலத்துக் கற்கொடுங்கை நாடறிந்தது. அது போல்வன நீங்கலாக ஏனைய வேலைகளைச் செய்து தருவோம் எனப் பழைய சிற்பிகள் உடன்படிக்கை எழுதினர் என்பது செவிவழிச் செய்தி.

அதனைப் புகழ்வார், ‘கல்லோ மரமோ’ என வியந்து அகல்வர். இகழ்வார், கல் மரமாக நடித்தல் பொய்ம்மை என்பர். இருவரும் முடிந்த வடிவைக் கண்டனர். செய்யும் முறையைக் கண்டிலர்.

கொடுங்கையாவது, வெயிலும் மழையும் சுவரைத் தாக்காவண்ணம் கூரை விளிம்பை வளைத்திறக்கிய உறுப்பு. கீற்றுக் குடிலின் இறவாரத்துக்கும் தொழில் அதுவே. செங்கல், மரம், உலோகம், சுதை என்பன இன்றிக் கோயில் எடுத்தமையை மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் மண்டகப்பட்டிற் பொறித்தான். எனவே முன்னைக் கோயில்கள் அப்பொருள்களால் ஆயின என்பது போதரும். மாமல்லையின் திரௌபதி இரதம் இன்றும் குடில் வடிவில் நிற்கின்றது. ஆதலின் கல்லில் மரவடிவு புகுந்தது தச்சர் கைவழி வந்த மரபேயாம்.

மரபு என்றதோடு அமைதலும் சாலாது. தச்சன் உத்தரத்தின்மேற் கைமரம் ஏற்றிச் சட்டம் பரப்பி ஆணி அறைவான். அவன் தொழில் சேர்த்தல். சிற்பியின் தொழில் நீக்கல். இக்கொடுங்கையின் கல்லாணி எதனையும் பிணித்திலது; சூழ்ந்த கல்லெல்லாம் உளியால் நீங்க, எஞ்சி நின்றது அது. மரத்திற் பிழைபட்ட ஆணியைப் பிடுங்கலாம்; கருங்கல்லில் மிகைபட்ட அடியை மீட்கலாகாது. இஃதுணர்ந்தார்க்கே அச்சிற்றாணியின் அருமை புலப்படும்.

குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என ஓதும் நாம், கோயிலைக் காணுங்கால் மட்டும் காரியத்தளவில் நின்றுவிடுதல் முறையோ?

இவ்வறியாமை ஏட்டளவில் நிற்பதன்று. திருப்பணி என்னும் பெயரால், பழைய கற்றளிகள் சிலவற்றை மணல் வீசித் தூய்மை செய்தனர். உளித்தடமும் கல்வெட்டெழுத்தும் தேய்ந்தன. செய்கையின் சுவட்டை அழுக்கென்று கொண்டதன் பயன் இது. கல்வேலை பயின்ற சிற்பியைக் கேளாது பழங்கல்லின்மேற் கைவைத்தல் தகாது.

பெருந்துறைக் கருவறையில் இலிங்கத் திருவுரு இல்லை, ஆவுடையே உளது. இத்துணை வடிவுகளையும் வடித்த கைகள் வடிவிலாப் பொருளுக்கே வாயில் அமைத்தன. அக்கைகளின் சுவட்டைக் காத்தல் திருப்பணி செய்வார் கடன். கற்றறிதல் அன்பர் அனைவர்க்கும் கடன்.