கச்சானில் ஒரு மரதன்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை வீதி சுமார் 40 கிலோமீற்றர். மரதன் தூரமான 42.195 கிலோமீற்றருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே தென்னையும் மணலும் தோட்டங்களும். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வரைபடத்தில் மட்டும் பார்ப்பவர், மரதன் ஓட இதைவிட இலேசான பாதை கிடைக்காது என்றே நினைப்பார். கச்சான் எழும்பிய பிறகு ஒருநாள் அங்கே ஓடிப் பார்த்தால் அந்த நினைப்பு வழியில் வரும் நுரைச்சோலையைத் தாண்டாது.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் தாண்டும்வரை இந்தக் கரையில் தென்மேல் காற்றான கச்சானின் ஆட்சிதான். பல நாட்களில் அது மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டி வீசும். மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கியதும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குபவர்கள் வெளிநாடுகளிலிருந்து கற்பிட்டிக்கு வந்து இறங்குவதும் இந்தக் காற்றை நம்பித்தான். ஓடுபவருக்கு அது வேறு முகம் காட்டும். கற்பிட்டியை நோக்கி வடக்கே போகும்போது இடத்தோளிலும் முதுகிலும் பட்டுத் தள்ளும். கால்கள் தாமாகவே விரையும். தெற்கே திரும்பியதும் அதே காற்று நெஞ்சில் வந்து மோதும். போகும்போது அது மிச்சப்படுத்தித் தந்த பலத்தைவிட, வரும்போது பறித்துக்கொள்வது அதிகம். இது ஓடுபவரின் மனப்பிரமை இல்லை. உடற்றொழிலியல் ஆய்வுகள் அளந்து சொன்ன உண்மை.

1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவோடு சென்ற பிரித்தானிய உடற்றொழிலியலாளர் கிரிஃபித் பியூ, பின்னர் ஓட்டக்காரர்களைக் காற்றுக்கு எதிரே ஓடவிட்டு ஆராய்ந்தார். முன்னால் ஓடுபவருக்கு ஒரு மீற்றர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடினால் காற்றின் தடை 80 வீதம் குறைகிறது என்று 1971இல் எழுதினார். எதிர்காற்றில் நடக்கும் பந்தயத்தை ரசிக்க இந்த ஓர் எண் போதும். யார் யாருக்குப் பின்னால் மறைகிறார், யார் முன்னே தள்ளப்படுகிறார், எந்த வளைவில் இடம் மாறுகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினால், வெறும் கூட்டமாகத் தெரிந்த ஓட்டக்காரர்கள் ஒரு சதுரங்கப் பலகையாகத் தெரிவார்கள்.

மோசமான வானிலையில் ஓடும் கலையின் உச்சத்தைக் காண விரும்புபவர் 2018 ஏப்ரல் 16ஆம் திகதி நடந்த பொஸ்டன் மரதனின் பதிவைத் தேடிப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு பாகை செல்சியஸ் குளிர், விடாத மழை, முகத்துக்கு நேரே காற்று. உலகின் முன்னணி ஓட்டக்காரர்கள் பலர் பாதியில் விலகினார்கள். வென்றவர் யூகி கவாவுச்சி. ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் ஒரு பாடசாலையில் அப்போது முழுநேர அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். அலுவலக நேரம் போக மிஞ்சியதில் பயிற்சி செய்தவர். அதே ஆண்டு புத்தாண்டு நாளில், பொஸ்டனுக்கு அருகிலுள்ள மார்ஷ்ஃபீல்டில் உறையவைக்கும் குளிரில் ஒரு மரதன் ஓடி, அதை முடித்த ஒரே ஆளாக நின்றவர். பொஸ்டனில் நடப்புச் சம்பியனும் உலகச் சம்பியனுமான கென்யாவின் ஜெஃப்ரி கிருய் நெடுந்தூரம் முன்னே ஓடினார். கடைசிக் கட்டத்தில் அவரை எட்டிப் பிடித்துக் கடந்த கவாவுச்சி, 2 மணி 15 நிமிடம் 58 செக்கனில் முடித்தார். கிருய் வந்து சேர்ந்தபோது மேலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கடந்திருந்தது.

கவாவுச்சியின் சொந்தச் சிறந்த நேரம் அப்போது 2 மணி 8 நிமிடம் 14 செக்கன். தன் சிறந்த ஓட்டத்தைவிட ஏழு நிமிடத்துக்கு மேல் மெதுவாக ஓடித்தான் வாழ்வின் மிகப் பெரிய வெற்றியைப் பெற்றார். பெண்கள் பிரிவில் இது இன்னும் துலக்கம். வென்ற அமெரிக்கர் டெஸ் லிண்டனின் நேரம் 2 மணி 39 நிமிடம் 54 செக்கன். அதே பாதையில் 2011இல் அவர் ஓடியதைவிடப் பதினேழு நிமிடம் அதிகம். தொடக்கத்தில் உடல் ஒத்துழைக்காமல், விலகிவிடலாம் என்றே நினைத்திருந்தார் லிண்டன். தோழி ஷலேன் ஃபிளனகன் கழிப்பறைக்காக ஒதுங்க நேர்ந்தபோது அவருக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, பிறகு காற்றைத் தான் வாங்கிக்கொண்டு அவரை முன்னணிக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். அந்த உதவியில் சூடேறிய கால்கள்தான் கடைசியில் வென்றன. மரதன் வரலாற்றில் இதைவிட அழகான அரை மணித்தியாலம் அதிகமில்லை.

மாதக்கணக்கான பயிற்சி ஒரு நேரத்தைக் குறிவைத்தே நடக்கும். வாரந்தோறும் நீளும் ஓட்டங்கள், முப்பது கிலோமீற்றரைத் தொடும் ஒரு ஞாயிறு, பந்தயத்துக்கு முந்திய வாரங்களில் குறைந்த ஓட்டமும் ஓய்வும். பந்தயக் காலையில் வானம் கறுத்தால் அந்த நேரம் கைநழுவிவிடும். அப்போதே கடிகாரத்தை மறந்து, மூச்சின் கனத்தை அளவாக வைத்து ஓடத் தெரிந்தவரே தேர்ந்தவர். அதற்கும் பழக்கம் வேண்டும். காற்றில்லாத மைதானத்தில் அது வராது.

வெயிலும் மோசமான வானிலைதான். 2019 உலகச் சம்பியன்ஷிப்பில் பெண்கள் மரதனை வெப்பத்துக்கு அஞ்சித் தோஹாவில் நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிய, சூடு உள்ளே தேங்கும். புத்தளக் கரையில் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் நீர் இழப்பது தெரியாது. அது வேறொரு ஆபத்து. இரண்டு வாரமாவது அந்தச் சூட்டில் அளவோடு ஓடினால்தான் உடல் பழகும்.

இலங்கையர் நினைக்க வேண்டிய இன்னொருவர் நம் ஓட்டக்காரர் கருணானந்த. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், மழை ஈரம் காயாத தடத்தில் 10,000 மீற்றர் ஓடினார். எல்லோரும் முடித்த பின்னும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்த கூட்டம் பிறகு கைதட்டி ஆரவாரித்தது. 67ஆம் இலக்கமணிந்த அந்த மனிதரை ஜப்பானியப் பாடநூலே பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தது.

மழையிலோ காற்றிலோ நடக்கும் மரதனைப் பார்க்கப் போகிறவர்கள் முடிவுக்கோட்டில் இடம்பிடிக்க வேண்டாம். முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு, காற்று நேரே அடிக்கும் ஒரு வெட்டவெளியில் நில்லுங்கள். கடைசி ஆள் போகும்வரை இருங்கள்.