யார் கை கல்கல்?

தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாத காலை டிசம்பரில் வரும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பித்துவிடும். பாளையங்கோட்டையில் குளிர்காலம் வந்ததற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாட்டில் உறைகிற வாரத்தில் தோழி வீட்டிலிருந்து போன் வந்துவிடும். "மாவு பிசைஞ்சாச்சு. சீப்பையும் கழுவி வச்சாச்சு. எப்ப வாரிய?"

சீப்பு என்றால் தலை சீவுகிற சீப்புதான். ஆனால் தலையையே பார்த்திராத சீப்பு. வருஷம் முழுக்க ஒரு டப்பாவில் தூங்கிவிட்டு டிசம்பரில் மட்டும் எழுந்து வரும். கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலை உருட்டுவதற்கு அதைவிடத் தோதான கருவியை நான் பார்த்ததில்லை. முள்கரண்டியின் முதுகில் உருட்டுகிறவர்களும் உண்டு. அதில் நாலே வரிதான் விழும். சீப்பில் பத்துப் பன்னிரண்டு விழும்.

ஊசிக்கோபுரம் தெரிகிற தெருவில் அவர்கள் வீடு. 1826இல் எழுந்த அந்தக் கிறிஸ்தவக் கோயிலின் மணிச்சத்தம் அடுப்படிவரைக்கும் கேட்கும். கூடத்தில் பாய் விரித்து, மேலே பழைய செய்தித்தாளைப் பரப்பி, பள்ளிக்கூடத்து நாலு பேரும் சுற்றி உட்காருவோம். நடுவில் ஈரத்துணி மூடிய மாவு. மைதா, கொஞ்சம் ரவை, சீனி, முட்டை, வெண்ணெய், பிசைவதற்குத் தேங்காய்ப்பால். கோலிக்குண்டு அளவு கிள்ளி, சீப்பின் பல்மேல் வைத்து, கட்டைவிரலால் தேய்த்துத் தட்டையாக்கி, அப்படியே ஓரத்திலிருந்து சுருட்டி எடுக்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான். செய்தால் சீப்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

"ஏட்டி, நசுக்காத. நகட்டு" என்பார் பெரியம்மா. தோழியின் அம்மா அவர். நாற்பது வருஷமாக உருட்டுகிற விரல். அவர் கையிலிருந்து விழுவது சின்னச் சங்கு மாதிரி இருக்கும்: வரிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் போகும், இரண்டு முனையும் ஒரே மாதிரி மூடியிருக்கும், நடுவில் மட்டும் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. தோழி உருட்டுவதில் அவசரம் தெரியும். பாதிச் சுருளிலேயே விட்டுவிடுவாள். மதுரையில் வாக்கப்பட்டவள் நீளமாக இழுத்துவிடுவாள். என்னுடையது வாய் பிளந்து கிடக்கும். கோவாவில் இதே பலகாரத்தைக் கொங்கணியில் 'கிட்யோ' என்கிறார்கள். புழு என்று அர்த்தம். எங்கள் நாலு பேரில் அந்தப் பேருக்கு முழுத் தகுதி என் கல்கலுக்குத்தான்.

பொரித்து அள்ளிய பிறகும் அடையாளம் போகாது. தட்டைப் பார்த்து, இது இன்னார் கை என்று சொல்லிவிடலாம். கோலத்தில் கை தெரியும், கையெழுத்தில் தெரியும். விரல்நுனி அளவு மாவிலும் தெரியும் என்பது இந்த வீட்டில்தான் எனக்குப் புரிந்தது. கடையில் கண்ணாடி ஜாடியில் இருக்கிற கல்கலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். யாரையும் நினைத்துக்கொண்டு கடிக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்த வரிகள் அழகுக்கு மட்டும் இல்லை. சீனிப்பாகைக் கம்பிப் பதத்துக்கு வைத்து, பொரித்ததை அதில் கொட்டி, கரண்டியை நிறுத்தாமல் கிளறிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பளபளப்பு மங்கி, பாகு வெள்ளையாகப் பூத்துவிடும். வரிக்கு வரி சீனி உட்கார்ந்துகொள்ளும். மேடு பொன்னிறம், பள்ளம் வெள்ளை. வாயில் போட்டால் முதலில் நாக்கில் சீனி நறநறக்கும். அப்புறம் பல்லில் ஒரு முறிவு, அதன் பிறகு உள்ளே காற்றுப் பொந்து, கடைசியில் தேங்காய்ப்பாலின் லேசான வாசம். ஒரு விரல்நுனிக்குள் இத்தனையையும் அடுக்கிவைத்தவர் யாரோ.

கல்கலோடு சுடுகிற அச்சு முறுக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம். காய்ந்த அச்சை மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு மேலே ஏறிவிட்டால் பூ அச்சை விட்டு இறங்காது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் இதே மாதிரிப் பூ அச்சை எண்ணெயில் காய்ச்சி, மாவில் முக்கிப் பொரித்து, மேலே பொடிச் சீனி தூவித் தின்கிறார்கள். நமக்கு அரிசி மாவும் கறுப்பு எள்ளும். இலங்கையில் அதுவே கொக்கிஸ். அங்கே சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம்.

கேக் கதை வேறு. அது அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும். கிஸ்மிஸ், கறுப்பு திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், டூட்டி ஃப்ரூட்டி, செர்ரி எல்லாவற்றையும் நறுக்கி ஜாடியில் ஊறப்போடுவார்கள். பல வீடுகளில் ரம். இந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது, திராட்சைச் சாறுதான். சாறு கெட்டுப்போகும் என்று ஜாடி ஃபிரிட்ஜில் குடியிருக்கும். போகிற போதெல்லாம் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது எனக்கு ஒரு வழக்கம்.

அந்த ஜாடிக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. டூட்டி ஃப்ரூட்டி என்று வண்ண வண்ணமாக மின்னுவது நம் பப்பாளிக்காய். பேக்கரிச் செர்ரி என்று சிவப்பாக உருளுவது பெரும்பாலும் களாக்காய், சாயமும் பாகும் ஏறியது. சீமைப் பண்டம் என்று பேர்; உள்ளே வேலியோரத்துக் களா. இது இன்று நேற்று நடப்பதும் இல்லை. 1883இல் தலச்சேரியில் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை, இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் காட்டி இதேபோல் செய்து தரச் சொன்னாராம், மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம். பிராந்தி சேர்க்கச் சொன்னதற்கு, பாபு முந்திரிப் பழமும் வாழைப்பழமும் புளிக்கவைத்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார் என்று கதை. துரை சொக்கிப்போனாராம். சொக்காமல் என்ன செய்வார்?

பிளம் கேக்குக்குக் கறுப்பு நிறம் தருவது பழம் இல்லை, கரித்த சீனி. வெறும் வாணலியில் சீனியைப் போட்டுத் தீயைக் குறைத்தால் முதலில் ஓரம் உருகும். தேன் நிறம் வரும், அப்புறம் கடுங்காப்பி நிறம். அதற்கு மேல் மெல்லிய புகை ஒன்று எழும். அந்தப் புகைக்காகத்தான் பெரியம்மா காத்திருப்பார். எழுந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்ட நின்று வெந்நீரை விடுவார். வாணலி சீறும். இனிப்பும் கசப்பும் தோள் உரசி நிற்கிற இடம் அது. போன வருஷம் என் வீட்டில் தனியாக முயன்றபோது, வாசலில் யாரோ கூப்பிட்டதற்கு எட்டிப்பார்த்துவிட்டு வந்தேன். அதற்குள் சீனி கரியாகியிருந்தது. வீணாக்க மனசில்லாமல் அதையே ஊற்றினேன். தோழிகள் ஆளுக்கு ஒரு துண்டு தின்றுவிட்டு, "வயித்துக்கு நல்லதுதான்" என்றார்கள்.

ஓவன் வாங்கிக்கொடுத்தும் பெரியம்மா குக்கரை விடவில்லை. கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணல் பரப்பி, தட்டு வைத்து, அதன்மேல் கேக் டின். வெண்ணெய், சீனி, மைதா மூன்றும் ஒரே எடை. பழங்களை ஒரு கை மைதாவில் புரட்டிப் போடாவிட்டால் அத்தனையும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முக்கால் மணி நேரத்தில் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் வெண்ணெயோடு சேர்ந்து தெருவுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுப் பையன் பந்தைத் தேடுகிற சாக்கில் இரண்டு தடவை வந்துவிட்டான்.

நாலு நாள் பொறுத்தால்தான் கேக் பக்குவப்படும், பழத்தின் ஈரம் மாவுக்குள் பரவும் என்பது சரிதான். பொறுத்தவர் யார்? சூடாக வெட்டினால் உதிரும். எங்களுக்கு அந்த உதிர்தான் முதல் பங்கு. டின் ஓரத்தில் ஒட்டி முறுகிய விளிம்புக்குப் போட்டி நடக்கும். சுரண்டி எடுத்த பொருக்கில் மிட்டாய் மாதிரி இழுபடுகிற ஒரு திராட்சை இருந்தால் அன்று யோகம். சுக்குக் காப்பியோடு நாலு பேரும் உதிரைப் பொறுக்கிக்கொண்டு, வாசலில் ஸ்டார் எரிவதைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஒரு மணி நேரம் யாரும் உருப்படியாக ஒன்றும் பேசியிருக்க மாட்டோம்.

கிளம்பும்போது தூக்குவாளி கைக்கு வரும். தீபாவளிக்கு நான் அதிரசம் கொண்டுபோன அதே வாளி. வெறும் பாத்திரமாகத் திரும்பக்கூடாது என்று அதுவரை காத்திருந்தது. இந்த முறை வீட்டுக்கு வந்து திறந்தேன். வெண்ணெய்த்தாளில் சுற்றிய கேக், அதன்மேல் கல்கல். ஒன்றை எடுத்தேன், வாய் பிளந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. கிளறிப் பார்த்தேன். பெரியம்மா பொறுக்கிப் பொறுக்கிப் போட்டிருக்கிறார், அத்தனையும் என் கை. அடியில், தாள் மடிப்புக்குள், சங்கு மாதிரி ஒன்றே ஒன்று.