ஐந்து நியூட்டன் மீட்டர்

கார்பன் சைக்கிளில் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குனிந்து பார்த்தால், போல்ட்டுக்குப் பக்கத்தில் ‘5 நியூட்டன் மீட்டர்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். பத்து சென்டிமீட்டர் நீள ஆலன் கீயின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி, ஏறக்குறைய அவ்வளவுதான். இரும்பு சைக்கிளில் பழகிய கை இந்த அளவைத் தன்னையறியாமல் தாண்டிவிடும்.

இரும்பு நசுங்கியாவது காட்டிக்கொடுக்கும். கார்பன் இழைகளை எப்பாக்சி பிசினில் அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்த குழாயோ ஒன்றும் சொல்லாது. 1986இல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை வென்றது கார்பன் சட்டத்தின் மேல்தான். இழையின் நீளவாக்கில் அத்தனை வலு. ஆனால் ஒரு சின்ன கிளாம்ப் குறுக்கே நெரித்தால் உள்ளே அடுக்கு பிரிந்துவிடும். மேலே வார்னிஷ் பளபளவென்றே இருக்கும்.

அதனால்தான், வைத்த அளவுக்கு இறுகியதும் ‘டிக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் மீது எனக்கு இவ்வளவு பிரியம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் முகத்தகட்டின் நான்கு போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே உட்காரவைப்பேன். பிறகு ரெஞ்சை 3இல் வைத்துக் குறுக்கு மூலைகளாக ஒரு சுற்று. அடுத்து 4. அடுத்து 5. ஒன்றை இறுக்கினால் இன்னொன்று லேசாகத் தளரும். அவசரப்படாமல் மறுபடி சுற்றிவர வேண்டும். கடைசிச் சுற்றில் நான்கும் துளியும் நகராமல் ‘டிக்’ என்று சொல்லும் அந்த இடம்! பாகு கம்பிப்பதத்துக்கு வந்துவிட்டதை விரல்களுக்கிடையே காண்பதுபோன்ற நிறைவு.

அந்த ‘டிக்’ வந்ததும் கை நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் அழுத்தினால் போல்ட் இறுகிக்கொண்டேதான் போகும், ரெஞ்ச் தடுக்காது. ஊசி காட்டும் வகை ரெஞ்சுகளும் உண்டு. பழுதாக அதிகம் இடமில்லாத, நேர்மையான கருவி. ஆனால் ஸ்டெம்மைச் சுற்றியுள்ள இடுக்கில் ஊசியை நேராகப் பார்க்க முடியாது. என் ஓட்டு ‘டிக்’குக்கே.

சீட் போஸ்ட் நழுவுகிறதா? இறுக்கத்தைக் கூட்டக் கூடாது. மணல்போல் நறநறக்கும் கார்பன் பேஸ்டைத் தடவினால் உராய்வு கூடி, குறைந்த விசையிலேயே பிடித்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் அடி அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் பெட்டியில் வைப்பேன். இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் இரவெல்லாம் அழுந்திக் கிடக்கும்.