யானை மலிவு, அங்குசம் விலை

கருணாபுரம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழகம் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நினைத்துக்கொள்கிறது. மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியின் இத்தெருக்களிலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அந்தத் தெருவில் நின்றுகொண்டு பிள்ளைகளின் வீடியோ கேம் பற்றி எழுதுவது பொருந்துமா என்ற தயக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. தயக்கத்தைப் போக்கியவர் ஒரு தந்தை.

பெங்களூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர் அவர். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்காகத் தம் சேமிப்பிலிருந்து விளையாட்டுப் பெட்டி ஒன்றைப் பழைய பொருளாக வாங்கி வந்திருந்தார். விற்றவர், இருபது விளையாட்டுகள் உள்ளேயே இருக்கின்றன என்று இயக்கியும் காட்டியிருக்கிறார். ஊருக்கு வந்து பத்து நாள் எல்லாம் ஓடின. பதினோராம் நாள் அத்தனை விளையாட்டுகளும் பூட்டிக்கொண்டன. பெட்டி பழுதாகவில்லை, விற்றவர் தம் பெயரிலிருந்த கணக்கைத் தம்மோடு எடுத்துக்கொண்டுவிட்டார். விளையாட்டுகள் அந்தக் கணக்கோடு போயின. வட்டு செருகும் வாயும் அப்பெட்டியில் இல்லை.

"சாமி, காசு குடுத்துத்தானே வாங்குனேன்? அப்புறம் எப்படி அது எனக்குச் சொந்தமில்லாமப் போச்சு?" என்று கேட்டார்.

எளிய கேள்வி. ஆயினும் உலகின் மிகப் பெரிய பொழுதுபோக்குத் தொழில்களுள் ஒன்றின் அடித்தளத்தையே தொடும் கேள்வி.

விளையாட்டு குற்றமன்று

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பிள்ளைகள் விளையாடுவது தவறு என்று சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. இறையியல் பேராசானாகிய புனித தாமஸ் அக்குவினாஸ், அளவோடு விளையாடத் தெரிந்திருப்பதை ஒரு நற்பண்பாகவே எண்ணினார். நாணேற்றியே வைத்த வில் முறிந்துபோகும் என்ற பழைய கதையை அவர் அங்கே எடுத்துக்காட்டுகிறார். அளவு தவறினால் அதுவும் நோயாகலாம். உலக நல நிறுவனம் வகுத்துள்ள நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்று 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைக் குறித்து மேடைகளிலும் மறையுரைகளிலும் நிறையப் பேசியாகிவிட்டது. விளையாடும் பிள்ளையைக் கண்டிக்கிறோம். விற்பவன் எதை விற்கிறான் என்று நாம் கேட்பதே இல்லை. அதே அக்குவினாஸ், வணிகம் பற்றி எழுதுமிடத்தில், தான் விற்கும் பொருளின் மறைந்த குறையை விற்பவன் சொல்லியாக வேண்டும் என்று கற்பிக்கிறார். நாம் கையிலெடுக்க வேண்டிய அளவுகோல் அதுவே.

சீட்டுக்கட்டிலிருந்து பூட்டு வரை

இத்தொழிலின் மூத்த நிறுவனமான நின்டெண்டோ 1889-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தது. அது முதலில் விற்றது பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு. 1983-இல் அது தொலைக்காட்சியோடு இணைக்கும் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெட்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் இத்தொழில் சரிந்து விழுந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்து, வாங்குவார் இல்லாமல் போயின. அட்டாரி நிறுவனம் விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்தது.

அச்சரிவிலிருந்து நின்டெண்டோ ஒரு பாடம் கற்றது. அமெரிக்காவுக்கு 1985-இல் அனுப்பிய பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. அதற்கிசைந்த சாவிச் சில்லு இல்லாத கேசட் எதுவும் அப்பெட்டியில் ஓடாது. விளையாட்டு எழுதும் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் வெளியிடக் கூடாது. கேசட்டுகளை நின்டெண்டோவிடமே செய்து வாங்க வேண்டும். இரண்டாண்டுக் காலம் அதே விளையாட்டை வேறு பெட்டிக்குத் தரக் கூடாது. தரத்தைக் காக்கவே இக்கட்டுப்பாடுகள் என்று சொல்லப்பட்டது. அதில் உண்மையும் இருந்தது. ஆனால் தரத்தைக் காக்க எழுப்பிய சுவரிலேயே சுங்கச் சாவடியும் எழுந்தது. கடைக்காரர்கள் குறைந்த விலைக்கு விற்காதபடி தடுத்ததாக அமெரிக்க அரசு தொடுத்த நடவடிக்கை 1991-இல் சமரசத்தில் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் வாங்கியோருக்கு ஐந்து டாலர் தள்ளுபடிச் சீட்டுகளைத் தந்தது. அச்சீட்டைக் கொண்டு வாங்க வேண்டியதும் நின்டெண்டோவின் சரக்கையே! தண்டனையே அடுத்த விற்பனைக்கு அழைப்பிதழாயிற்று.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று நம் ஊர்களில் கேட்பார்கள். இத்தொழிலின் வணிக முறையை அப்பழமொழிக்குள் அடக்கிவிடலாம். யானையை மலிவாகக் கொடு. அங்குசத்தை ஆயுள் முழுதும் விற்றுக்கொண்டிரு. சோனி 2006-இல் 'பிளேஸ்டேஷன் 3' பெட்டியைச் செய்த செலவைவிடக் குறைவான விலைக்கே விற்றது. எல்லா நிறுவனங்களும் எப்போதும் நட்டத்துக்கு விற்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் பெட்டியைக் கடந்து, விளையாட்டு ஒவ்வொன்றிலும் பெறும் பங்கு, இணையத்தில் கூடி விளையாட மாதச் சந்தா, உள்ளே விற்கும் உடை, ஆயுதம், அலங்காரம் என்று வருவாயின் ஊற்றுகள் பெருகியிருக்கின்றன.

நம் மண்ணில் நடந்தது

இந்தியக் குழந்தைகளுக்கு இந்த யானைகூட எட்டவில்லை. 1995-இல் சேகா நிறுவனத்தின் 'மெகா டிரைவ்' பெட்டி இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை சுமார் 18,000 ரூபாய். உயர்ந்த இறக்குமதி வரியைத் தாண்டும் பொருட்டு, அதனை இங்கு விற்கும் பொறுப்பை ஷா வாலஸ் என்ற இந்தியக் குழுமம் ஏற்றிருந்தது. மதுவகைகளுக்குப் பெயர்பெற்ற குழுமம் அது. அந்நாளில் கள்ளக்குறிச்சிப் பகுதியின் கூலி உழைப்பாளி ஒருவர் இத்தொகையை ஆண்டுக் கணக்கில் சேர்த்தாலும் எட்டியிருக்க முடியாது.

ஆகவே நம் பிள்ளைகளை அடைந்தவை வேறு பெட்டிகள். 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்', 'டெர்மினேட்டர்' முதலிய பெயர்களில், நின்டெண்டோவின் பழைய பெட்டியைப் போலவே செய்யப்பட்ட நகல்கள் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தன. '9999 விளையாட்டுகள்' என்று கேசட்டின் மேல் அச்சிட்டிருக்கும். உள்ளே ஒரு சில விளையாட்டுகளே பெயர் மாறி மாறி வரும். அதிலும் ஏமாற்று இருந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேசட்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கலாம், தெருமுனைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம், தம்பிக்கு விட்டுச்செல்லலாம். யாருடைய கணக்கிலும் அது பூட்டப்பட்டிருக்கவில்லை.

'களவு செய்யாதிருப்பாயாக' என்று போதிக்கும் நாம், நகலெடுத்து விற்பதை நியாயப்படுத்த இயலாது. பிறர் உழைப்பை அவர் இசைவின்றி விற்பது களவுதான். எனினும், நேர்வழியின் கதவை ஏழைக்கு எட்டா உயரத்தில் அமைத்தவர்களும் அக்களவின் கணக்கில் பங்குடையவர்களே. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்வதே நேர்மை.

பத்தாயிரம் ரூபாயின் விலை

'பிளேஸ்டேஷன் 5' இந்தியாவில் 2021-இல் இரு வடிவங்களில் வந்தது. வட்டு செருகும் வசதியுள்ளது 49,990 ரூபாய். அவ்வசதி இல்லாதது 39,990 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் குறைவு! சிக்கனமான பெற்றோர் எதைத் தேர்வர்? ஆனால் அப்பத்தாயிரத்தோடு வாங்குபவர் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார் என்பது விலைச்சீட்டில் இல்லை. கடனாகக் கொடுக்கும் உரிமை, பழையதை விற்கும் உரிமை, பழையதை மலிவாக வாங்கும் உரிமை, எந்தக் கடையில் வாங்குவது என்ற உரிமை, அனைத்தும் போயின. எஞ்சியிருப்பது ஒரே கடை. அதையும் நடத்துபவர் பெட்டியைச் செய்தவரே.

இவ்வுரிமையின் அருமை நிறுவனங்களுக்குத் தெரியாததன்று. 2013-இல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் பழைய வட்டுகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிப்பதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழவே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. அவ்வேளையில் போட்டியாளரான சோனி, ஒருவர் மற்றொருவரிடம் வட்டை நீட்டும் குறும்படம் ஒன்றை வெளியிட்டு, கடன் கொடுப்பது இவ்வளவு எளிது என்று கேலி செய்தது. ஏழாண்டுகள் கழித்து அதே சோனி வட்டே இல்லாத பெட்டியை விற்றது!

விற்றபின் பறிப்பதும் நடக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்னும் கார் பந்தய விளையாட்டின் சேவையை 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியவர்கள் கையில் இயங்காத வட்டே மிஞ்சியது. இதனை எதிர்த்து ஐரோப்பாவில் குடிமக்கள் கையெழுத்து இயக்கம் எழுந்தது. கலிஃபோர்னியா மாநிலம், இவ்வாறு விற்கப்படுவது பொருளன்று, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்று வாங்குவோர் அறியச் சொல்ல வேண்டும் எனச் சட்டம் இயற்றி 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. மறைந்த குறையைச் சொல் என்ற பழைய கோட்பாடு, புதிய சட்டத்தில் மறுபிறவி எடுத்திருக்கிறது.

இன்னும் கவலைக்குரியது 'லூட் பாக்ஸ்' எனப்படும் அதிர்ஷ்டப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்க வேண்டும். இவற்றுள் சில, தன் நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று பெல்ஜிய நாட்டு ஆணையம் 2018-இல் அறிவித்தது. தமிழ்நாட்டில் இணையவழி ரம்மியால் பணமிழந்தோரின் தற்கொலைகளுக்குப் பின் 2023 ஏப்ரலில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நடுவண் அரசும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. வரவேற்கிறோம். ஆயினும் இச்சட்டங்களைத் தூண்டிய கவலை பணத்தை வெல்லத் துடிக்கும் பெரியவர்களைப் பற்றியது. ஒரு வண்ணச் சட்டையை வெல்லத் துடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அதிர்ஷ்டப் பெட்டி இன்னும் விளையாட்டுப் பொருளாகவே பார்க்கப்படுகிறது.

மறுதரப்பும் நம் கடமையும்

நிறுவனங்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். பெரியதொரு விளையாட்டைப் படைக்க நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். கைமாறும் பழைய வட்டில் அவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இதில் நியாயம் உண்டு. ஆனால் பூட்டினால் வரும் இலாபம் அவ்வுழைப்பாளரைத்தான் சேர்கிறதா? மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை வாங்கி முடித்தது. மூன்று மாதங்களில், 2024 ஜனவரியில், தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மறுமாதம் சோனி தன் விளையாட்டுப் பிரிவில் ஏறத்தாழ 900 பேரை நீக்குவதாக அறிவித்தது. படைப்பவருக்காகவே இப்பூட்டு என்று இனிச் சொல்வது கடினம்.

பெற்றோர் வாங்குமுன் சில வினாக்களைக் கேட்கலாம். வட்டு செருகும் வசதி உண்டா? பழைய பெட்டியெனில், உள்ளிருக்கும் விளையாட்டுகள் யார் கணக்கில் உள்ளன? இணையமின்றி அவை ஓடுமா? பிள்ளையின் கையிலிருக்கும் பெட்டியில் நம் வங்கி அட்டையின் எண் பதிந்திருக்கிறதா? இவ்வளவும் கேட்டபின் வாங்கினால், வாங்குவது இன்னதென்று தெரிந்தாவது வாங்குவோம்.

கருணாபுரத்தின் சாவுகளோடு ஒரு விளையாட்டுப் பெட்டியின் இழப்பை நான் ஒப்பிடவில்லை. ஒப்பிட்டால் அது அவ்வீடுகளின் துயரை அவமதிப்பதாகும். உயிருக்கும் பொருளுக்கும் ஒப்பில்லை. ஆனால் ஏழை தான் வாங்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிய உரிமையுள்ளவன் என்ற நெறியைப் பெரிய இழப்பில் மட்டும் நினைத்துச் சிறிய இழப்பில் மறந்துவிடலாகாது.

அத்தந்தைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உங்களுக்கு விற்றவரும் உங்களை ஏமாற்றினார்தான். ஆனால் அந்த விளையாட்டுகள் அவருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. அவரும் பயன்படுத்தும் அனுமதிக்கே காசு கொடுத்திருக்கிறார்."

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அதக் கடையிலயே அவருக்கும் சொல்லியிருக்கலாமே, சாமி" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும்.